ஜெயித்தது யார்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி நேரப் பிரயாணந்தான். ஆனால் சடுகுடு என்று வந்துவிட்டால் அந்த அரை மணி நேர தூரம் குருக்ஷேத்திரமாகிவிடும். வாலிபப் பருவத்தில் நான் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு ஊர்ப் பையன்களும் மோதிய ஒரு பந்தயத்தில் ராஜபாளையம் ஜெயித்தது. "ஸ்ரீவில்லிபுத்தூர் வீழ்த்திய ராஜபாளையம்" என்று தலைப்புக் கொடுத்தேன். இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்கவேண்டுமே என்று வேற்றுமை உருபில் சிக்கனம் பிடித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சியும் கொண்டேன்.

பத்திரிகை வந்த அன்று ஜெயித்த கட்சிப் பையன் ஒருவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது.

"அண்ணாச்சி, ஜெயிச்சது நாங்கதானே?"

"அதிலென்னடா சந்தேகம்?"

"எங்கப்பா நம்ப மாட்டேங்காரு. மில்லிலே ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வரும்போது டீக்கடையிலே யாரோ வச்சிருந்த பேப்பரைப் பாத்தாராம். 'ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் உங்களை வீழ்த்திட்டானாமே, வீட்டிலே வந்து பொய் சொல்றியா'ன்னு அடிக்க வாராரு."

எனக்குச் சுருக்கென்றது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா, ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும் ஒரு தெருவில் குடியிருந்தார். தலைப்பைப் படித்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உங்க ஊரைத் தோற்கடிக்க எங்க ஊர்ப் பையன்கள் எதற்கடா? நீ ஒருத்தன் போதுமே!"

பிறகு தொல்காப்பியத்துக்கு வந்தார். 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது? புலியைக் கொன்ற யானை என்றும் கொள்ளலாம். புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் கொள்ளலாம். இதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் தடுமாறு தொழிற்பெயர். இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை ஆகிய இரண்டுக்கும் அங்கே இடமுண்டு. பின்னால் வரும் சொல்லைக் கொண்டு பொருளை அறியவேண்டும் என்பது அவர் காட்டும் வழி.

"காவியத்தில் பின்னால் சொல் வரும். தலைப்புக்குப் பின்னால் என்னடா வரும்? டீக்கடைக்காரர் பேப்பரை மடித்துவிடுவார்!" என்றார் ஐயா.

பத்திரிகைத் தலைப்பின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றுகிறது. 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் பத்திரிகை உண்டு என்று நிலைநாட்டினார். 'இதழாளர் கையேடு' என்று ஒரு புத்தகமே எழுதினார். அத்தகைய வாசகரில் எத்தனையோ பேருக்குத் தலைப்புத்தான் செய்தி. அது தடுமாறினால் அவருடைய உலகமே தடுமாறும்.

விளையாட்டுச் செய்தியிலோ தடுமாற இடம் அதிகம். 1932-இல் டெஸ்ட் பந்தயம் ஆடத் தொடங்கிய இந்தியா, 1952 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ் 8 ரன்களில் முறியடித்து முதல் வெற்றியைக் கண்டது. வினூ மன்காட் 12 விக்கெட் எடுத்தார். அந்தச் செய்தியைத் தமிழில் எப்படி எழுதுவது? 'இந்தியா வென்றது' என்றால் அஃறிணை ஒருமை. 'இந்திய வீரர்கள் வென்றனர்' என்றால் உயர்திணைப் பன்மை. லண்டன் பத்திரிகைகள் நாட்டின் பெயரைச் சொல்லியே பன்மை வினை போடும். தமிழில் அது செல்லாது. நாட்டுக்கு 'வென்றது', ஆட்களுக்கு 'வென்றார்கள்' என்று நம் திணை இலக்கணம் கணக்கை நேராக்கிவிடுகிறது.

அதே சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பரில் வேறொரு சிக்கல் வந்தது. ஆஸ்திரேலியாவை வெல்ல 348 ரன் வேண்டிய இந்தியா 347-இல் ஆட்டமிழந்தது. 1960-இல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது 'டை' அது. 'வெற்றி தோல்வியின்றி முடிந்தது' என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் நேரம் போதாமல் நின்றுபோகும் 'டிரா'வுக்கும் அதே சொற்கள்தாமே? ராஜபாளையம் டீக்கடையில் இதற்காக ஒரு கைகலப்பே நடக்க இருந்தது. ஒரு பெரியவர், "சரிக்குச் சரின்னு போட வேண்டியதுதானே?" என்றார். கோலி விளையாடும் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல், படித்த எங்களுக்குத் தோன்றவில்லை.

சொற்சுருக்கம் இங்கிலீஷ்காரன் கொடுத்த வியாதி என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு கல் இருக்கிறது. சுமார் 1,500 வருஷத்துக்கு முந்தையது. சேவல் உருவமும் வட்டெழுத்தும் பொறித்தது. முகையூர் மேற்சேரிக்காகப் பொருத கோழி என்று அதற்கு அறிஞர்கள் பொருள் காண்கிறார்கள். இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல்லில் கீழ்ச்சேரிக் கோழியின் பெயரே இருக்கிறது: பொற்கொற்றி! இரண்டிலும் முற்றுவினை கிடையாது. நம் பழைய விளையாட்டுச் செய்தித் தலைப்புகள் இவையென்று சொன்னால் தப்பில்லை. உளியால் ஒவ்வோர் எழுத்தாய்க் கொத்துகிறவனுக்கு என்னைவிடச் சிக்கனம் அவசியம். அவன் வினையை விட்டான். ஆனால் கோழி எந்தச் சேரிக்கு என்பதை விடவில்லை.

நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு? 'புத்தூர்' என்பதன் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ஓர் ஐகாரக் குறி சேர்த்தால் 'புத்தூரை' ஆகிவிடும். அந்த ஒரு குறிக்காக ஒரு பிள்ளையைத் தகப்பனிடம் பொய்யனாக்கியிருந்தேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூரை வீழ்த்தியது ராஜபாளையம்" என்று மறுபடி அச்சாயிற்று. பையனின் தகப்பனார் என்னைத் தேடிவந்து, "இதை முதல்லயே போட்டிருந்தா என்ன சாமி?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்களுக்குத்தான் என்மேல் இன்னும் வருத்தம். "ஒரு நாளாவது நாங்க ஜெயிச்சிருந்தோம் அண்ணாச்சி. அதையும் ஓர் ஐ போட்டுப் பிடுங்கிட்டீங்களே!" என்கிறார்கள்.