த மேரியன் கான்ஸ்பிரசி (ஒலி நாடகம்)

த மேரியன் கான்ஸ்பிரசி (பொருள்: மேரி காலத்துச் சதி) என்பது 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரித்தானியாவில் வெளியான அறிபுனை ஒலி நாடகம் ஆகும். பிபிசியின் டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரை அடிப்படையாகக் கொண்டு பிக் ஃபினிஷ் நிறுவனம் இதனைத் தயாரித்தது. ஜாக்குலின் ரெய்னர் எழுத, கேரி ரசல் இயக்கினார். ஆறாவது டாக்டராகக் காலின் பேக்கர், வரலாற்று விரிவுரையாளர் எவலின் ஸ்மைத்தாக மேகி ஸ்டேபிள்ஸ், அரசி முதலாம் மேரியாக அனா ரடின் ஆகியோர் குரல் கொடுத்துள்ளனர்.

பின்னணி

டாக்டர் என்பவர் காலத்தில் பயணம் செய்யும் வேற்றுலகவாசி. உயிர் பிரியும் நிலையில் புதிய உடலைப் பெறுவதால் வெவ்வேறு நடிகர்கள் அவ்வேடத்தை ஏற்கின்றனர். 1963 இல் தொடர் தொடங்கியபோது சிறுவர்களுக்கு வரலாறு கற்பிப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. மார்க்கோ போலோ, அசுடெக்குகள் பற்றிய 1964 ஆம் ஆண்டுக் கதைகளில் காலப்பயணத்தைத் தவிர வேறு அறிபுனைக் கூறு இல்லை. 1967 க்குப் பின் இவ்வகைக் கதைகள் ஏறக்குறைய மறைந்து, அரக்கர்களும் வேற்றுலகப் படைகளும் மேலோங்கின. தொடர் 1989 இல் நின்றது. 2005 இல்தான் மீண்டும் வழக்கமான தொடராக வந்தது. இடையில் 1999 முதல் பிக் ஃபினிஷ் உரிமம் பெற்று ஒலி நாடகங்களை வெளியிட்டது. அவ்வரிசையில் இது ஆறாவது.

பெரம்பலூர், பாடாலூர் வட்டாரத்தினர்க்குத் திருச்சிராப்பள்ளி வானொலியால் நாடகத்தைச் செவியால் கேட்கும் பழக்கம் உண்டு. இதுவும் அத்தகைய வடிவமே. ஆயினும் இது வானொலிக்காக உருவாக்கப்படாமல், நான்கு பகுதிகளாக இரு குறுந்தகடுகளில் விற்பனைக்கு வந்தது. டியூடர் அரண்மனையைத் தொலைக்காட்சியில் எழுப்பப் பெருஞ்செலவு பிடிக்கும். ஒலியில் காலடி ஓசையும் கதவின் கிரீச்சொலியும் போதும். கைவிடப்பட்ட வரலாற்றுக் கதை வகை ஒலி வடிவில் உயிர்பெற்றதில் வியப்பில்லை.

கதைச்சுருக்கம்

காலத்தில் ஏற்பட்ட ஒரு பிழையைத் தேடிவரும் டாக்டர், அதன் மையம் எவலின் என்பதைக் கண்டறிகிறார். அவரது மூதாதையர் வரலாற்றிலிருந்து அழிந்துவருகின்றனர். அதனைத் தடுக்காவிடில் எவலினும் பிறந்திராதவராகி மறைந்துபோவார். தம் மூதாதை ஒருவர் முதலாம் எலிசபெத்தின் அவையில் இருந்தார் என்பது எவலின் கேட்டறிந்த குடும்ப வரலாறு. அதனை நம்பி இருவரும் பின்னோக்கிச் செல்ல, அரியணையில் இருப்பவரோ எலிசபெத்தின் அக்காள் மேரி. ஆண்டு 1555. டாக்டர் அரசியின் மருத்துவராகிறார். எவலினோ அரசியைக் கொல்லத் திட்டமிடும் சீர்திருத்தச் சபையினரிடையே சிக்குகிறார்.

வரலாற்று மேரி

மேரி 1553 முதல் 1558 வரை இங்கிலாந்தை ஆண்டார். அக்பர் அரியணை ஏறியதும் (1556) இக்காலத்திலேயே. கத்தோலிக்க சமயத்தை மீண்டும் நிலைநாட்ட முயன்ற மேரியின் ஆட்சியில், 1555 பிப்ரவரி முதல் ஏறத்தாழ 280 சீர்திருத்தச் சபையினர் உயிரோடு எரிக்கப்பட்டனர். 'குருதி மேரி' என்னும் பெயர் அதனால் வந்தது. அப்பெயர் மக்கள் மனத்தில் பதிய, 1563 இல் வெளியான ஜான் ஃபாக்சின் தியாகிகள் நூல் பெரிதும் துணைசெய்தது. அதே 1555 இல் தாம் கருவுற்றிருப்பதாக நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து மேரி ஏமாற்றமடைந்தார், அது பொய்க்கருப்பம்.

நாடகம் இவ்விரு மேரிகளையும் ஒருசேரக் காட்டுகிறது. இங்கு மேரி குழந்தைக்காக ஏங்கும் பெண். டாக்டரிடம் கனிவாகப் பேசுபவர். எரிப்பதால் அவர்களின் ஆன்மாவைக் காப்பதாக மனமார நம்புபவரும் அவரே. கொடுங்கோலரின் குரலை எதிர்பார்க்கும் கேட்பவருக்கு இந்த அமைதியான உறுதியே கூடுதல் அச்சம் தருகிறது. குழந்தை பிறக்காது என்பதும் எரிப்பு தொடரும் என்பதும் டாக்டருக்குத் தெரியும். வரலாற்றை மாற்றலாகாது என்பதால் கொலைச் சதியை அவரால் ஆதரிக்கவும் இயலாது. எரிக்கப்படவிருப்போர் பக்கம் நின்று பார்த்தால் இந்நிலைப்பாடு எளிதில் ஏற்கத்தக்கதன்று.

எவலின் ஸ்மைத்

இளம்பெண்களே டாக்டருடன் பயணிப்பது வழக்கமாக இருந்த தொடரில், ஐம்பது வயதைக் கடந்த விரிவுரையாளர் துணையாக வந்தது புதுமை. சாக்லெட் கேக்கிலும் கோக்கோவிலும் விருப்பமுடைய எவலின், டாக்டரைத் தயங்காமல் கண்டிப்பவர். தொலைக்காட்சியில் (1984–1986) கடுகடுப்பானவராக விளங்கிய ஆறாவது டாக்டர் இவருடன் சேர்ந்த பின் கனிந்தவராக ஒலிக்கிறார். இந்நாடகத்தில் அறிமுகமான எவலின் பின்னர்ப் பல நாடகங்களில் இடம்பெற்றார். மேகி ஸ்டேபிள்ஸ் 2014 இல் காலமானார்.