பட்டுப்புழுவின் உணவும் பட்டின் வரலாறும்

தமிழர் மிகப் பழங்காலந்தொட்டே பட்டாடையை அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு நல்கிய உடை பட்டே. பதிற்றுப்பத்து அதனை நூற்கப்படாத கலிங்கம் என்னும் பொருள்படச் சுட்டுகின்றது. சிலப்பதிகாரமோ பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூன்றிலும் தொழில் செய்த காருகர் புகாரில் இருந்தமை கூறும். இவற்றைச் சான்றாகக் கொண்டு, பட்டுப்புழு வளர்ப்பும் பழந்தமிழர் தொழிலே என முடிவு கட்டுவாரும் உளர். அம்முடிவு பொருந்துமா என்பதை, ஆடையின் பக்கம் நின்று காணாது, புழு உண்ணும் தழையின் பக்கம் நின்று காண முற்படுகின்றோம். கொற்கைத் துறைக்குத் தென்மேற்கே அமைந்த சாத்தான்குளம் வட்டாரத்தை இவ்வாய்வுக்கு நிலைக்களமாகக் கொள்வோம்.

கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிக்கும் கி. பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்ளூஸ், சீன நாட்டுப் பட்டு கங்கை வழியாகத் தமிழகத்திற்கு வந்தது என்றும் கூறுகின்றது. முசிறியிலிருந்து ஏற்றுமதியான பொருள்களிலும் பட்டு இடம்பெறுகின்றது. ஆகவே, ஒரு துறைமுகத்தில் பட்டு ஏற்றுமதியாயிற்று என்பதால் அந்நாட்டில் புழு வளர்ந்தது என்று கொள்ளுதல் இயலாது. சிலம்பின் உரையாசிரியர் அடியார்க்குநல்லார் தொகுத்துத் தரும் ஆடைப் பெயர்களுள் முதற்கண் நிற்பது கோசிகம். கோசம், அதாவது கூடு, என்னும் வடசொல்லின் வழிவந்த பெயர் இது. புழுக்கூட்டிலிருந்து ஆடை பிறப்பதை அறிந்தோர் இட்ட பெயரே எனினும், அவ்வறிவு பெயரோடு சேர்ந்து வடக்கிலிருந்து வந்தது என்பதை அச்சொல்லே காட்டிவிடுகின்றது.

இனித் தழையைக் காண்போம். வீட்டில் வளரும் பட்டுப்புழுவின் இயல்பான உணவு முசுக்கட்டையிலை ஒன்றே. கம்பளிச்செடி என்றும் இதனை வழங்குவர். இன்றைய உழவர் மல்பெரி என்பர். புழுப்பருவம் ஏறத்தாழ 25 நாள். அதற்குள் நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கின்றது. ஒரு புழு தின்னும் தழை 20 கிராம் அளவினதே எனினும், அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தின் ஏழெட்டு நாளில் தீர்ந்துவிடும். அந்நாள்களில் வீட்டார்க்கு உறக்கமில்லை.

இவ்வுணவைக் காப்பது எளிதன்று. இலையின் எடையில் நான்கில் மூன்று பங்கு நீர். பறித்த சிறுபொழுதிலேயே அந்நீர் வற்றத் தொடங்கும். வாடிய இலையைப் புழு தின்னாது. ஆகவே காலையிலும் மாலையிலும் வெயில் இல்லாத வேளையில் பறிப்பர். கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து இலைமேல் மூடுவர். இறுக்கிக் குவித்தால் இலை புழுங்கி வெந்துபோகும். ஆதலின் தளரப் பரப்பி அடிக்கடி புரட்டிவிடுவர். மூடுதுணியில் ஈரம் வேண்டும். இலைமேல் நீர் நிற்றலாகாது, நின்றால் நோய் பற்றும். இளம்புழுவுக்குக் கொழுந்தை அடுத்த மெல்லிலையைப் பொடிப்பொடியாக நறுக்கி இடுவர். முற்றிய புழுவுக்குக் கிளையோடே இடலாம். இத்தனை நுட்பத்தாலும் இலை தாங்குவது ஒரு நாளே என்க.

சீனர் இதற்கு மாற்று வழியொன்றும் கண்டிருந்தனர். 1273இல் யுவான் அரசின் ஆணையால் தொகுக்கப்பட்ட ‘நோங்சாங் ஜியாவ்’ என்னும் வேளாண் நூலில் அவ்வழி காணப்படுகின்றது. இலையுதிர் காலத்தில் மஞ்சளாகாத இலையைப் பறித்து, வெயிலில் உலர்த்தி, இடித்துப் பொடியாக்கி, புகையும் நெருப்பும் அணுகாத இடத்தில் வைப்பர். வேனிலில் புழு பெருந்தூக்கம் நீங்கிய பின் பயன்படுத்துவர். தழையைப் பொடியாக்கிக் காக்கும் இவ்வழி, பல தலைமுறையாகப் புழுவோடு வாழ்ந்த வீட்டாரிடையே அன்றித் தோன்றாது.

சாத்தான்குளத்து வீட்டார் உணவைக் காக்கும் கலை அறியாதவர் அல்லர். பறித்த முசுக்கட்டையிலையைவிட விரைவில் கெடுவது பனஞ்சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி அது புளிக்காமல் காத்து, அன்றே காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்கி, ஈரம் படாத பரணில் பல மாதம் வைத்தனர். எனவே குறை அறிவில் இல்லை. நிலத்திலும் நேரத்திலும் உளது. செந்நிறத் தேரி மணலில் பனை நிற்கும். நீர்ப்பாய்ச்சல் இன்றி முசுக்கட்டை தழைக்காது. புழுவுக்கு ஏற்ற வெப்பம் 23 முதல் 28 பாகை. இக்கரையின் கோடையோ 35 பாகைக்கு மேல் ஏறும். ஆடவர் நாளும் இருமுறை பனையேற, பெண்டிர் அடுப்படியில் சாறு காய்ச்சும் மாதங்களும் அக்கோடையே. நாளில் பலமுறை தழையிட ஒரு கை எங்கிருந்து வரும்? வானிலையைப் போலவே இவ்வேலைப் பளுவும் தடையாயிற்று என்பது நம் கருத்து. மேற்கே தென்காசி மலையடிவாரத்தில் இன்று புழு வளர்க்கப்படுவது இக்கருத்தோடு முரண்படவில்லை. அங்கு நீரும் குளிர்காற்றும் உள.

சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. நெசவுக்குத் தறி, பாவு, ஊடை எனத் தமிழ்ச்சொல் நிறைந்து கிடக்க, இளம்புழு வளர்ப்பைச் சாக்கி என்றும், கூடு கட்டும் மூங்கில் தட்டைச் சந்திரிகை என்றும் வழங்குகின்றோம். இரண்டும் அயலிலிருந்து தொழிலோடு வந்தவை. மதுரைச் சௌராட்டிரர் பட்டுநூல்காரர் எனப்பட்டனர். அப்பெயரும் நூலைச் சுட்டுமேயன்றிப் புழுவைச் சுட்டாது.

புழு தமிழகத்துக்கு வந்த காலம் மிகப் பிந்தியது. சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவராயிருந்த சேம்சு ஆண்டர்சன் 1790களில் வங்காளத்துப் புழுவையும் முசுக்கட்டையையும் பரப்ப அரும்பாடு பட்டார். 1809இல் அவர் மறைந்தார். முயற்சி வேரூன்றவில்லை. மறுபுறம், திப்பு சுல்தான் ஊக்கிய மைசூர்ப் பகுதியில் அத்தொழில் நிலைத்தது. சென்னை மாநிலத்தில் அது செழித்த கொள்ளேகால் வட்டமும் 1956இல் மொழிவழிப் பிரிவினையின்போது மைசூரோடு சேர்ந்தது. காஞ்சித் தறிகளுக்கு வேண்டிய நூலுக்குக் கருநாடகத்தை நோக்கும் நிலை இதனோடு தொடர்புடையது.

இங்கு ஒன்று கூறல் தகும். 1960இல் சப்பானிய அறிஞர் செயற்கையுணவால் புழுவை வளர்த்துக் காட்டினர். உலர்ந்த முசுக்கட்டைப் பொடி, சோயாமாவு, மாப்பொருள் முதலியவற்றைப் பிணைத்து, ஈரத்தை நிறுத்தி வைக்க அவ்வகை உணவில் சேர்வது அகர் என்னும் கடற்பாசிச் சத்து. அச்சத்துக்குரிய மரிக்கொழுந்துப் பாசியை மன்னார் வளைகுடாக் கரையில் மீனவப் பெண்டிர் 1960களின் நடுப்பகுதியிலிருந்து மூழ்கிப் பறித்து வருகின்றனர். தழை விளையாத கரையில், தழையைக் காக்கும் பொருள் கடலடியில் விளைகின்றது.