மரணச் செய்தியைக் காவிச் சென்றது யார்?

எமது உடலில் நாளாந்தம் கோடிக்கணக்கான கலங்கள் மடிகின்றன. (தமிழகத்தார் செல் என்பதையே நாம் கலம் என்கிறோம்.) இவற்றுள் பல, மடியும்படி பணிக்கப்பட்டே மடிகின்றன. கலத்தின் வெளிப்புறத்திற்கு வரும் அந்தக் கட்டளையை உள்ளே கொண்டு செல்வது எது? 1990களில் உயிரியலாளரை அலைக்கழித்த வினா இது.

1989இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில், புற்றுநோய் ஆய்வாளர் பீற்றர் கிராமரின் குழுவினர் ஒரு பிறபொருளெதிரியைப் பற்றி அறிவித்தனர். கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதமொன்றை அது பற்றிக்கொண்டதும் சில புற்றுநோய்க் கலங்கள் தாமாகவே மடிந்தன. 1995இல் அதே பிறபொருளெதிரியைத் தூண்டிலாக்கி அந்த வாங்கியை வெளியே இழுத்தனர். கூடவே வேறு சில புரதங்களும் வந்தன. வந்தவையெல்லாம் கூட்டாளிகள்தாமா, வெறுமனே ஒட்டிக்கொண்டவையா? கட்டளை கிடைத்த கலங்களையும் கிடைக்காத கலங்களையும் ஒப்பிட்டு, முன்னையவற்றில் மட்டும் தோன்றியவற்றையே கணக்கில் எடுத்தனர். என்னைக் கேட்டால், முழு ஆய்விலும் மெச்சத்தக்கது இந்த நிதானமே.

ஆனால் அகப்பட்டவற்றுள் சிலவற்றின் பெயர் தெரியவில்லை. இருந்ததோ இம்மியளவு. அமினோ அமிலங்களை ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வாசிக்கும் பழைய எட்மன் முறைக்கு அது போதாது.

அதே நகரிலிருந்த ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் அப்போது மத்தியாஸ் மான் பணியாற்றினார். புரதக் கரைசலை மின்னூட்டிய துளிகளாகத் தெளித்துத் திணிவு நிறமாலைமானிக்குள் செலுத்தும் முறையை வகுத்த ஜோன் ஃபென்னிடம் பயின்றவர் அவர். மத்தியாஸ் வில்ம் என்பவருடன் சேர்ந்து அந்தத் தெளிப்பை நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 நனோலீற்றராகக் குறைத்திருந்தார். ஒரேயொரு துளியை நெடுநேரம் ஆராய முடிந்தது. புரதத்தை நொதியத்தால் துண்டாக்கி, துண்டுகளை நிறுத்து, மேலும் உடைத்து, திணிவு வேறுபாடுகளிலிருந்து அமினோ அமில வரிசையை வாசித்தனர்.

அந்த வரிசையைக் கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விஷ்வ டிக்சிற் குழுவினருடன் சேர்ந்து முழுப் புரதத்தையும் இனங்கண்டனர். 1996இல் வெளியான முடிவு வியப்பளித்தது. அகப்பட்டது தூதனல்ல, கொலையாளி: புரதங்களை வெட்டும் நொதியம், வாயிலிலேயே காத்திருந்தது. வேறு வழியால் அதையே கண்டறிந்த இஸ்ரேலிய ஆய்வாளர் டேவிட் வலாக்கின் கட்டுரையும் அதே சஞ்சிகையின் அதே இதழில் வந்தது. இரு தரப்பும் இட்ட பெயர்கள் வழக்கொழிந்து, இன்று அது கஸ்பேஸ்-8.

ஃபென்னுக்கு 2002இல், 85ஆவது வயதில், நோபல் பரிசு கிடைத்தது. பத்திரிகைகள் அவருடன் பரிசு பெற்ற ஜப்பானியப் பொறியியலாளர் கொய்ச்சி தனக்காவையே கொண்டாடின. கலாநிதிப் பட்டம் பெறாத கம்பனி ஊழியர் அல்லவா! 2004இல் ஹைடல்பேர்க்கின் செல்சோம் நிறுவனத்தினர், அழற்சிச் சமிக்ஞைப் பாதையொன்றில் 32 புரதங்களைத் தூண்டிலாக்கி 221 பிணைப்புகளைப் பட்டியலிட்டனர்.