வரைபடத்தை ஈந்த வணிகர்

பழைய வீட்டுக்கலை இதழ்களைப் புரட்டுவோர் அவற்றின் மங்கிய தாளிலும் நுண்ணிய கோட்டோவியங்களிலும் மனம் பறிகொடுப்பது இயல்பே. எனினும் அவ்வீர்ப்புக்கு அச்சழகினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1901 அக்டோபர் முதல் 1916 டிசம்பர் வரை வெளிவந்த ‘தி கிராஃப்ட்ஸ்மன்’ மாத இதழ் அதற்குத் தக்க சான்றாகும்.

இதழை நடத்திய குஸ்டவ் ஸ்டிக்லி, நியூயார்க் மாநிலத்துச் சிராகூஸ் நகரில் மரச்சாமான் பட்டறை வைத்திருந்தவர். எந்திரப் பெருக்கத்தால் கைவினை சீரழிவதாகக் கருதிய ஆங்கிலச் சிந்தனையாளர்களே அவருக்கு ஆசான்கள். முதல் இதழ் வில்லியம் மோரிஸுக்கும் இரண்டாவது ஜான் ரஸ்கினுக்கும் உரியதாயிற்று. தொடக்கக் கட்டுரைகளைப் பெரிதும் எழுதியவர், சிராகூஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஐரீன் சார்ஜென்ட் அம்மையார்.

1904 முதல் வீட்டு வரைபடங்கள் வெளிவரலாயின. சந்தாதாரர்கள் அவற்றின் முழு வரைபடங்களை இலவசமாகவே பெறலாம். பின்னர் நாற்காலி, மேசை, புத்தக அலமாரி ஆகியவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் அளவுகளோடு அச்சாயிற்று. ஓக் மரத்தை மூடிய பெட்டியில் வைத்து அம்மோனியா ஆவி படச் செய்தால், மரத்திலுள்ள துவர்ப்பொருளோடு அது வினைபுரிந்து பழுப்பு நிறம் ஏறும். இத்தகைய தொழில் நுணுக்கங்களையும் அவர் ஒளிக்கவில்லை.

விற்பவரே செய்முறையையும் சொல்லித் தருவது வணிக அறிவுக்கு முரணானது. ஆனால், ஸ்டிக்லி போற்றிய எளிமை கடையில் மலிவாகக் கிடைக்கவில்லை. அவருடைய நாற்காலி தொழிலாளியின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. அந்த முரண்பாட்டுக்கு வரைபடமே ஓரளவு விடை. ஓய்வும் கருவிகளும் உள்ளவனுக்கே அது பயன்படும் என்பதும் உண்மைதான்.

1913இல் நியூயார்க் நகரில் 12 மாடிக் கட்டடத்தில் தம் நிறுவனத்தை விரிவாக்கினார். மக்களின் ரசனை மாறிற்று. அவருடைய உடன்பிறந்தாரே போட்டியாளராயினர். 1915இல் நிறுவனம் நொடித்துப்போயிற்று. அடுத்த ஆண்டு இதழும் நின்றது.

1988இல் அவருடைய இல்லத்து உணவறை அலமாரி ஒன்று 3,63,000 டாலருக்கு ஏலம் போயிற்று. எளிய மனிதனுக்கென எண்ணிய பொருள் செல்வரின் சேகரிப்பாயிற்று. இதழின் பக்கங்களோ விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. அளவுகள் அப்படியே உள்ளன. அவற்றைக் கொண்டு இன்றும் ஒரு நாற்காலி செய்யலாம். வாசகனின் கையை நம்பிய அந்த எழுத்தே இவ்விதழ்களின் வசீகரம் என்று தோன்றுகிறது.