உதிர்ந்ததை ஒட்டவைத்தவை

கேக் பாப் செய்முறை எதை எடுத்தாலும் இரண்டாவது வரியிலேயே ஒரு டப்பா ஃப்ராஸ்டிங் வந்து நின்றுவிடும். கேக்கைச் சுடு, ஆறவிடு, கையால் உதிர், ஃப்ராஸ்டிங் போட்டுப் பிசை, உருட்டு, குச்சியில் குத்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கு. அவ்வளவுதான் வேலை. கேக்கின் மேல் பூசுகிற அந்த வெண்ணெய்-சர்க்கரைக் களிம்பு எப்படி உள்ளே போய்ப் பசையாக மாறியது என்று யாரும் கேட்பதில்லை. ஃப்ராஸ்டிங் இல்லாமல் எதை வைத்து உருண்டை பிடிப்பது என்று யாராவது கேட்டால், ஏதோ மாற்று ஏற்பாடு தேடுவது மாதிரிதான் பதில்கள் வரும்: கண்டென்ஸ்டு மில்க் போடு, ஜாம் போடு, க்ரீம் சீஸ் போடு.

எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. உதிர்ந்த கேக்கை உருண்டையாக்கும் வேலையில் கண்டென்ஸ்டு மில்க்கும் ஜாமும்தான் மூத்தவர்கள். டப்பா ஃப்ராஸ்டிங் நேற்று வந்த பிள்ளை. மென்பொருளில் இதை அடிக்கடி பார்க்கலாம். யாரோ ஒருவர் தன் வசதிக்காக வைத்த ஒரு மதிப்பு, நாலு வருடத்தில் எல்லோருக்கும் இயல்பான மதிப்பாகிவிடும். அப்புறம் அதை மாற்றுவதுதான் விதிவிலக்கு போலத் தோன்றும்.

இந்தக் கதையில் அந்த வசதிக்கு ஒரு தேதியும் இருக்கிறது. கேக் உருண்டைகள் அமெரிக்க வீடுகளில் முன்பே இருந்தவைதான். அவற்றைக் குச்சியில் ஏற்றி, கப்கேக் மாதிரியும் கோழிக்குஞ்சு மாதிரியும் அலங்கரித்துப் புகழ்பெறச் செய்தவர் ‘பேக்கரெல்லா’ என்ற பெயரில் எழுதிய ஆஞ்சி டட்லி. 2008-இல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைச் செய்து காட்டினார். 2010-இல் ‘கேக் பாப்ஸ்’ புத்தகம் வந்தது. 2011-இல் ஸ்டார்பக்ஸ் தன் அமெரிக்கக் கடைகளில் விற்க ஆரம்பித்தது. டட்லியின் செய்முறை எளிமையானது: ஒரு பெட்டி கேக் மாவுக் கலவை, ஒரு டப்பா ஃப்ராஸ்டிங். இரண்டும் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டின் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அளக்கவே வேண்டாம். பெட்டியையும் டப்பாவையும் முழுசாகக் கவிழ்த்தால் போதும்.

சரி, அந்தப் பசை என்ன செய்கிறது?

கேக் தூள் தானாக ஒட்டாது. சுடும்போது மாவுச்சத்து வெந்து கெட்டிப்பட்டுவிட்டது. ஆற ஆற ஈரமும் குறைகிறது. அதைத் திரும்பச் சேர்க்க மூன்று வழி உண்டு. அறைச் சூட்டில் இறுகும் கொழுப்பு ஒன்று: வெண்ணெய், நெய், சாக்லேட். பிசுபிசுப்பான சர்க்கரைக் கரைசல் இன்னொன்று: பாகு, தேன், ஜாம். மூன்றாவது வெறும் ஈரம்: பால், பழச்சாறு, மது. ஈரம் மட்டும் இருந்தால் கேக் களியாகும். கொழுப்பு மட்டும் இருந்தால் கையில் எண்ணெய் வழியும். ஃப்ராஸ்டிங்கின் சாமர்த்தியம், மூன்றையும் ஒரே டப்பாவில் அடைத்து வைத்திருப்பது.

இந்த அறிவு நம் வீடுகளுக்குப் புதிதில்லை. மாலாடுக்குச் சூடான நெய். பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு. அந்தப் பாகுக்கு ஒரு பதம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிற கைகள் எல்லா வீட்டிலும் இருந்தன. ‘நெய் உருண்டை’ என்று ஒட்டுகிற பொருளின் பெயரையே பலகாரத்துக்கு வைத்தவர்கள் நாம். ஐரோப்பிய உருண்டைகளில் அந்த மரியாதை கிடையாது. ஒட்டுகிற பொருள் உள்ளே ஒளிந்திருக்கும், பெயர் வேறு எதற்கோ போயிருக்கும். அந்த ஒளிந்திருக்கும் பொருளைத் தேடிப்போனால் வரலாறு கிடைக்கிறது.

டென்மார்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே பேக்கரிகளில் ‘ரோம்கூலே’ என்று ஒன்று விற்பார்கள். ரம் உருண்டை என்று பொருள். முந்தின நாள் விற்காத கேக், பேஸ்ட்ரி ஓரங்கள், எல்லாவற்றையும் உதிர்த்து, ஜாம், கோகோ, கொஞ்சம் வெண்ணெய், ரம் வாசனை சேர்த்துப் பிசைந்து, தேங்காய்த் துருவலிலோ சாக்லேட் துகளிலோ புரட்டி வைப்பார்கள். இதில் ரம் எதையும் ஒட்டுவதில்லை. ஒட்டுவது ஜாம். அதிலுள்ள பெக்டினும் சர்க்கரையும்தான் தூளைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆனால் பெயர் ரம்முக்குப் போய்விட்டது. இன்று பெரும்பாலும் அது ரம்கூட இல்லை, வெறும் எசென்ஸ்.

டேனிஷ்காரர் நாவுக்கு ரம் எப்படிப் பழகியது? கரீபியனில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் க்ரோய் என்று மூன்று தீவுகளை டென்மார்க் வைத்திருந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சர்க்கரையும் ரம்மும் அங்கிருந்து கோபன்ஹேகனுக்கும், அப்போது டேனிஷ் அரசரின் ஆட்சியில் இருந்த ஃப்ளென்ஸ்பர்க்குக்கும் வந்தன. 1848-இல் செயின்ட் க்ரோயில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகுதான் அங்கே விடுதலை அறிவிக்கப்பட்டது. 1917-இல் மூன்று தீவுகளையும் 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் டென்மார்க் விற்றது. தீவுகள் போயின, வாசனை நின்றுவிட்டது. (நம் தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை வைத்திருந்ததும் இதே அரசுதான்.)

ஸ்வீடனில் இதன் உறவுக்கார இனிப்பு ஒன்று உண்டு. உதிர்த்த பிஸ்கட்டும் கேக்கும், வெண்ணெய், கோகோ, புன்ஷ் என்ற மது. எல்லாவற்றையும் பிசைந்து விரல் நீளத்துக்கு உருட்டி, பச்சை மார்சிபானில் சுற்றி, இரண்டு முனைகளையும் சாக்லேட்டில் முக்குவார்கள். இதற்குப் பெயர் ‘டாம்சூகரே’. அப்படியென்றால் வாக்யூம் க்ளீனர்! 1921-இல் எலக்ட்ரோலக்ஸ் தரையில் சறுக்கிப்போகும் உருளை வடிவ வாக்யூம் க்ளீனரைக் கொண்டுவந்தது. இனிப்பின் வடிவம் அந்த மாதிரி இயந்திரத்தை நினைவூட்டியது என்பார்கள். பேக்கரிக்காரர் ராத்திரி தரையில் கிடந்த தூளை உறிஞ்சி எடுத்துச் செய்தது என்ற கிண்டலும் கூடவே வரும். கிண்டல்தான், ஆனால் அதில் ஒரு உண்மையான சந்தேகம் இருக்கிறது. மிச்சத்தில் செய்ததை வாங்குகிறவனுக்கு எப்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கும்.

அந்தப் புன்ஷுக்கு அடிப்படை சாராயம். அதுவும் ஜாவாவில், இன்றைய ஜகார்த்தாவில், கரும்புச் சர்க்கரைப் பாகையும் சிவப்பரிசியையும் புளிக்கவைத்துக் காய்ச்சிய பட்டாவியா அரக். 1731-இல் தொடங்கிய ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பல் 1733-இல் கோத்தன்பர்க் திரும்பியபோது கொண்டுவந்த சரக்கில் அரக்கும் இருந்தது. இரண்டாவது கப்பல் எங்கே போனது தெரியுமா? நம் பரங்கிப்பேட்டைக்கு. அங்கே ஒரு கிடங்கு போட்டார்கள். 1733-இலேயே கடலூர்ப் பக்கத்து ஆங்கிலேயரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதைத் தாக்கிச் சரக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். எப்போதும் முட்டிக்கொள்கிற இரண்டு பேர் மூன்றாமவனை விரட்டச் சேர்ந்த கதை. ஸ்டாக்ஹோமில் காப்பியோடு சாப்பிடுகிற பச்சை இனிப்புக்குள் இருக்கும் வாசனையும் பரங்கிப்பேட்டையில் கொள்ளைபோன கிடங்கும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தவை.

சோவியத் ரஷ்யாவில் பேரரசின் சாராயம் முக்கியமில்லை. அங்கே பசை அரசாங்கத்தின் டப்பாவிலிருந்து வந்தது. ‘கர்தோஷ்கா’ என்றால் உருளைக்கிழங்கு. கேக் அடுக்குகளை வெட்டியபின் மிஞ்சும் ஓரங்களைத் தூளாக்கி, வெண்ணெயும் கண்டென்ஸ்டு மில்க்கும் அடித்த க்ரீமில் பிசைந்து, உருளைக்கிழங்கு போல உருட்டி, கோகோவில் புரட்டி, மேலே வெள்ளை க்ரீமில் முளை மாதிரி இரண்டு மூன்று புள்ளி வைப்பார்கள். பேக்கரிக்கும் பொது உணவகத்துக்கும் அரசு வெளியிட்ட செய்முறைத் தொகுப்புகளில் இத்தனை தூளுக்கு இத்தனை க்ரீம் என்று கிராம் கணக்கு உண்டு. ஆக, மிச்சத்தைச் சேர்ப்பது பேக்கரிக்காரரின் ரகசியமாக இல்லாமல், வெளிப்படையான திட்டமாகவே இருந்தது.

ஏன் கண்டென்ஸ்டு மில்க்? பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு 1856-இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான கெய்ல் போர்டன். 1861-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு அது போனது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் கெடாத பால் என்பது ராணுவத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள். சோவியத் அரசுக்கும் அதே தேவை: பரந்த நாடு, கடும் குளிர், மாடே இல்லாத வடக்கு ஊர்கள். நீலமும் வெள்ளையுமான அந்த டப்பா வீட்டுக்கு வீடு போனது. தண்ணீரில் போட்டு மணிக்கணக்காக வேகவைத்து, உள்ளே இருப்பதைப் பழுப்புப் பாகாக்கிச் சாப்பிட்டார்கள். எடையில் 40 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை, கூடவே பால்கொழுப்பு, கொஞ்சம் நீர். நான் சொன்ன மூன்று வழிகளும் ஒரே டப்பாவில். ஃப்ராஸ்டிங் செய்கிற வேலையை அதற்கு முன்பே செய்துகொண்டிருந்த டப்பா இது.

இப்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒன்று தெரிகிறது. எந்தக் காலத்தில் எது மலிவாகவும் கெடாமலும் கைக்கு எட்டியதோ, அதுதான் உதிர்ந்த கேக்குக்குள் போனது. பேரரசு கொண்டுவந்த சர்க்கரையும் மதுவும் ஓரிடத்தில், அரசு அடைத்த பால் இன்னோரிடத்தில், அமெரிக்காவில் உணவுக் கம்பெனி அடைத்த ஃப்ராஸ்டிங். சமையல்காரரின் சாமர்த்தியம் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அவர் கை நீட்டியபோது அலமாரியில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வேறு.

எங்கள் ஊர் பேக்கரியில் இப்படி எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேக் வெட்டியபின் தட்டில் மிஞ்சுகிற தூளையும் ஓரங்களையும் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ‘கேக் தூள்’ என்றே பெயர். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சில்லறைக்கு வாங்கி வாயில் கொட்டிக்கொள்வோம். யாரும் அதை உருட்டவில்லை. உருட்டக் கூடுதலாகக் காசு செலவழிக்க வேண்டும். ஒட்டுகிற பொருளுக்கும் விலை உண்டு. அந்த விலையைப் போட்டால்தான் மிச்சம் என்பது பெயரும் விலைச்சீட்டும் உள்ள பண்டமாகிறது. கோபன்ஹேகன்காரர் அந்தச் செலவைச் செய்தார். எங்கள் அண்ணாச்சி செய்யவில்லை. ஆனால் அவர் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

கேக் பாப் இந்த வரலாற்றை ஒரு இடத்தில் திருப்பிப் போட்டது. ரோம்கூலேவும் கர்தோஷ்காவும் மிஞ்சியதிலிருந்து பிறந்தவை. கேக் பாப்புக்காகப் புதுக் கேக்கைச் சுட்டு, அன்றைக்கே உடைக்கிறோம். மிச்சத்தைக் காப்பாற்றக் கண்டுபிடித்த வித்தை, மிச்சமே இல்லாத இடத்தில் அலங்காரமாகிவிட்டது. மலிவாக விற்ற உருண்டை, குச்சி ஏறியதும் எடைக்கு எடை பெரும்பாலும் முழுக் கேக்கையே விலையில் மிஞ்சுகிறது. அழகாக இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டப்பாவைச் செய்முறையின் விதியாக எடுத்துக்கொண்டதும், அந்த வித்தை எதற்காக வந்தது என்பது மறந்துபோகிறது.

அதனால் ஃப்ராஸ்டிங் இல்லாமல் செய்வதைக் குறுக்குவழி என்று நான் நினைப்பதில்லை. பழைய வழிக்குத் திரும்புவது அது. சென்னைக்கு அதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. வெண்ணெய் 35 டிகிரி வாக்கில் முழுசாக உருகிவிடும். மே மாதம் வெளியில் 40 டிகிரி. வெண்ணெயை நம்பிப் பிடித்த உருண்டை குச்சியிலிருந்து வழுக்கிக் கீழே வரும். இங்கே சர்க்கரையின் பிசுபிசுப்பைத்தான் நம்ப வேண்டும். கால் கிலோ கேக் தூளுக்கு மூன்று மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கில் ஆரம்பித்து, போதாவிட்டால் ஒவ்வொரு கரண்டியாகக் கூட்டலாம். ஜாமும் அப்படியே. கொட்டை எடுத்து வெந்நீரில் ஊறவைத்து அரைத்த பேரீச்சை இன்னும் நன்றாகப் பிடிக்கும். வெல்லப்பாகு வைப்பதானால் இளம்பதத்திலேயே இறக்கிவிட வேண்டும். பொரி உருண்டைப் பதத்துக்குப் போனால் ஆறியதும் கேக் கடலைமிட்டாய் மாதிரி இறுகும்.

அளவு சரியா என்று பார்க்கவும் நம்மிடம் ஒரு சோதனை இருக்கிறது. புட்டு மாவு பிசிறும்போது என்ன சொல்வார்கள்? பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும். கேக் தூள் அந்த நிலைக்கு வந்ததும் இன்னும் ஒரே ஒரு கரண்டி. பிடித்தால் பிடிபடணும், தட்டினாலும் உதிரக்கூடாது. உருண்டை பிடித்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, குச்சியின் முனையை உருக்கிய சாக்லேட்டில் தொட்டுக் குத்தினால் நிற்கும்.

இதற்காகப் புதுக் கேக் சுட வேண்டியதில்லை. பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜில் காய்ந்துகொண்டிருக்கும் அந்தக் கடைசித் துண்டே போதும்.