வான்கோழிக்கு எந்த ஊர்?

துருக்கி அரசு 2022 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒரு வேண்டுகோளை முன்வைத்தது. இனி ஆங்கிலத்திலும் தமது நாட்டைத் 'துர்க்கியே' என்றே குறிப்பிட வேண்டும் என்பது அது. சபையும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்நாட்டுக்கும் வான்கோழிக்கும் 'டேர்க்கி' என்ற ஒரே சொல் வழங்கியமையும் இம்மாற்றத்திற்கான காரணங்களுள் ஒன்றாக அப்போது பேசப்பட்டது.

துருக்கியர் தம் மொழியில் இப்பறவைக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'ஹிந்தி'! அதாவது இந்தியாவுக்குரியது. பிரெஞ்சு, ரஷ்ய, போலந்து மொழிப் பெயர்களும் இந்தியாவையே சுட்டுகின்றன. போர்த்துக்கேயர் 'பெரு' என்றனர். எகிப்திய அரபு மொழியில் அது 'ரூமிச் சேவல்'. மலாய்க்காரருக்கோ அது 'ஆயாம் பெலாண்டா', ஒல்லாந்துக் கோழி.

இவற்றுள் ஒன்றேனும் அதன் உண்மையான தாயகத்தைச் சொல்லவில்லை. வான்கோழி வட அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிக்கோவின் பூர்வ குடிகளே இன்றைய வளர்ப்பினத்தின் மூதாதையைப் பழக்கியவர்கள். குவாத்தமாலாவில் உள்ள எல் மிரடோர் என்னும் மாயர் நகரின் இடிபாடுகளில் அந்த மெக்சிக்கோ இனத்தின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் பழமையானவை. அவ்வினம் அங்கே இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஆகவே மனிதரே கொண்டு சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிபு.

1492 இல் கொலம்பஸ் கால்பதித்த நிலத்தை இந்தியா என்றே ஐரோப்பியர் நம்பினர். அந்த மயக்கமே பல மொழிகளில் இப்பறவையின் பெயராகிவிட்டது. ஆங்கிலேயரின் மயக்கம் வேறு. ஆபிரிக்காவின் கினிக்கோழி துருக்கி வணிகர் வழியாக அவர்களிடம் வந்தது. அதற்கு இட்ட பெயர் பின்னர் வந்த வான்கோழியின் மீதும் ஒட்டிக்கொண்டது என்பர் சொல்லாய்வாளர்.

நமக்கு நெருக்கமான கதை ஒல்லாந்தருடையது. அவர்கள் வைத்த பெயர் 'கல்கூன்'. கள்ளிக்கோட்டைக் கோழி என்பதன் திரிபு. 1498 இல் வாஸ்கோ ட காமா வந்த அதே கள்ளிக்கோட்டைதான். ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை 1796 வரை ஆண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்றாகச் சிங்களத்தில் 'களுகுமா' இன்றும் வாழ்கிறது. கள்ளிக்கோட்டையின் பெயர் ஒல்லாந்து வரை போய், மெக்சிக்கோப் பறவையொன்றைச் சுமந்துகொண்டு, கள்ளிக்கோட்டைக்கு அயலிலுள்ள நம் தீவில் வந்து இறங்கியிருக்கிறது!

இந்தியாவில் இப்பறவையின் வருகைக்கு அருமையான சாட்சி ஒன்றுண்டு. 1612 இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்காகக் கோவாவிலிருந்து அரிய பொருள்கள் தருவிக்கப்பட்டன. அவற்றுள் இப்பறவையும் இருந்தது. பெயர் எவருக்கும் தெரியவில்லை என்று அரசர் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அது மயில்போல் தோகை விரித்து ஆடுவதையும், தலையும் கழுத்தும் ஓணான்போல் நிறம் மாறுவதையும் வியந்தார். ஓவியர் மன்சூர் தீட்டிய அதன் படம் இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இங்கேதான் தமிழருக்கு ஒரு கேள்வி எழுகிறது. மயில் ஆடக் கண்டு தானும் சிறகை விரித்த வான்கோழியை ஒளவையாரின் மூதுரை பேசுகிறது. சிறுவயதில் மனனம் செய்தோம். அந்நூலைப் பொதுவாக 12 ஆம் நூற்றாண்டின் ஒளவையாருக்கு உரியதாகக் கொள்வர். கொலம்பஸுக்கு முன்னூறு ஆண்டுகள் முந்திய ஒருவர் மெக்சிக்கோப் பறவையை எப்படிக் கண்டார்?

இதைக் கொண்டு பழந்தமிழர் அமெரிக்கா வரை சென்றனர் என்று வாதிடுவோரை நான் சந்தித்திருக்கிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒன்றில், வான்கோழி என்ற சொல் முன்னர் வேறொரு பறவையைக் குறித்திருக்க வேண்டும். அல்லது அச்செய்யுள் பறவை வந்தபின் எழுந்ததாக வேண்டும். ஷேக்ஸ்பியரும் 15 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நிகழும் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் வான்கோழியைக் கொண்டுவந்தவரே. அதை வைத்து அக்கால ஆங்கிலேயர் மெக்சிக்கோ சென்றனர் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு பொருளின் பெயர் அது எங்கே பிறந்தது என்பதைச் சொல்வதில்லை. யாரிடமிருந்து பெற்றோம் என்பதையே பெரும்பாலும் சொல்கிறது. சிலவேளை அதையும் தவறாகச் சொல்கிறது. தமிழரின் தொன்மைக்கு உறுதியான சான்றுகள் வேண்டிய அளவு உண்டு. பெயரொன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கடல் கடந்தால், அந்தச் செய்யுளின் வான்கோழியாகவே நாமும் ஆகிவிடுவோம்.