அவளுக்கு எங்கே வீடு?
தொலைக்காட்சிக்கு எழுதக் கற்றவர்களின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைப் பேசுவது வழக்கம். இந்த முறை ஒரு தொழிலைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். தொலைக்காட்சிக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதும் தொழில் அது.

காரணம் உண்டு. எங்கள் அமைப்பிலிருந்து சென்னைக்குப் போன இளைஞர் ஒருவர் நெடுந்தொடர் ஒன்றில் உதவி வசனகர்த்தாவாகச் சேர்ந்தார். கதை விவாதத்தில், "வீட்டு வேலை பார்க்கும் அந்த அக்காவோட வீட்டை ஒரு சீன்ல காட்டலாமா சார்?" என்று கேட்டிருக்கிறார். "அவளுக்கு எதுக்குப்பா வீடு?" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தப் பாத்திரம் நூற்றுக்கணக்கான பகுதிகளில் வந்தது. கடைசிவரை அவளுக்கு வீடு இல்லை. தானும் சேர்ந்து சிரித்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது என்றார் அந்த இளைஞர். அவர் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். தொழிலோடு சேர்த்து வேறு எதைக் கற்றார் என்பதே நம் கேள்வி.

கேட்டுக் கற்ற கரை

முதலில் நம் கரையிலிருந்து தொடங்குவோம். ஆலந்தலை, திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள பரதவர் ஊர். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544இல் அவர் எழுதிய கடிதங்களில் ஆலந்தலையின் பெயரும் வருகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, முதலில் தானே மனப்பாடம் செய்தார். பிறகு மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள். அந்த மதமாற்றத்துக்குப் பின்னால் முத்து வணிகமும் போர்த்துகீசிய அதிகாரமும் இருந்தன. அது தனியாகப் பேசவேண்டியது. ஒரு முழுப் பிரதி செவிவழியாகவே ஒரு கரை நெடுக நடந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

கடற்கரை ஊர்களின் நாடகமும் அப்படித்தான் வளர்ந்தது. அண்ணாவி அடியெடுத்துக் கொடுப்பார், வேடம் கட்டுபவர் திருப்பிச் சொல்வார். எழுத்தறியாதவரும் பக்கம் பக்கமான வசனத்தைச் சுமந்து மேடையேறினார்.

இதே தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்துச் சிறுவர்களுக்கு நாடகம் கற்பித்தார். 'அபிமன்யு சுந்தரி'யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவரிடம் பயின்ற அவ்வை சண்முகம் பதிவு செய்திருக்கிறார். யார் பேசப் போகிறார், எவ்வளவு நேரம் பேசுவார் என்று தெரிந்து எழுதும் எழுத்து அது. இன்றைய தொலைக்காட்சி எழுத்தும் அடிப்படையில் அதுவே.

கற்கும் முறைக்குப் பள்ளிப் படிப்பு தேவைப்படவில்லை. ஆனால் மேடைக்குச் சாதி தேவைப்பட்டது. யார் ராஜா வேடம் கட்டலாம், யார் வெளியே நின்று பறையடிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் தமிழகத்தில் ஏராளம். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது. 'பலி ஆடுகள்' எழுதிய கே.ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராக அமர்ந்தார். தலித் ஒருவர் அந்த நாற்காலிக்கு வர எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

சபாவிலிருந்து வரவேற்பறைக்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்கு எழுத ஆள் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை சென்னை சபா நாடகக் குழுக்கள். நகரத்து நடுத்தர வர்க்க வரவேற்பறை, அதில் ஒரு சோபா, ஒரு தொலைபேசி, ஒரு தவறான புரிதல் என்று மேடையில் இருந்தது அப்படியே திரைக்கு வந்தது. 1993 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று, சன் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு நெடுந்தொடர்களின் காலம். 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. வரவேற்பறை பெரிதானது. சேரி உள்ளே வரவில்லை.

இத்தொழிலின் உறுப்புகளை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் ஒன்லைன். அதைச் சீன் ஆர்டராகப் பிரிப்பார்கள். விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம் ஒரு பகுதி. 'தொடரும்' விழும் இடத்தில் ஒரு கேள்வி தொங்க வேண்டும். திரைக்கதை ஒருவர், வசனம் வேறொருவர். வசனம் பல நேரம் படப்பிடிப்பு நாளன்றே எழுதப்படும். சில மாதம் உழைத்தால் யாரும் இதைக் கற்கலாம். இதில் மறைபொருள் எதுவும் இல்லை.

மற்றவர்கள் கற்ற விதம்

1969இல் பெரு நாட்டில் வந்த 'சிம்பிள்மெந்தே மரியா' தொடரின் நாயகி ஒரு வீட்டு வேலைக்காரப் பெண். அவள் படிக்கவும் தைக்கவும் கற்று முன்னேறுவதே கதை. கண்டம் முழுக்க மக்கள் பார்த்தார்கள். வேலைக்காரியின் வாழ்வை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பவர்களுக்கு இதுவே பதில். அதிலிருந்து பாடம் கற்ற மெக்சிகோவின் மிகேல் சபிதோ, சமூகக் கருத்தைத் தொடராக்கும் முறையை வகுத்தார். அம்முறையை ஏற்று 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் வந்தது 'ஹம் லோக்'. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. முதல் 13 பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு உபதேசம் மிகுந்ததால் மக்கள் முகம் சுளித்தார்கள். உபதேசம் குறைந்ததும் சுமார் 4 லட்சம் கடிதங்கள் குவிந்தன. இயக்கத்துக்காரர்களான நமக்கு இந்தப் பாடம் முக்கியம். முழக்கத்தை வசனமாக்கினால் மக்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அதற்கும் முன்னால், 1975இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், இஸ்ரோ நடத்திய திட்டம் ஒன்று உண்டு. பீஜ் கிராமத்தில் சிறு ஒளிபரப்பி, சுமார் 400 கிராமங்கள். ஊர்களில் ஆய்வு செய்து, ஊராரையே நடிக்கவைத்து, தீண்டாமையையும் கூலிப் பிரச்சினையையும் கதையாக்கினார்கள். 1984இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. 1990 வாக்கில் திட்டம் முடிவுக்கு வந்தது.

நமக்கு மிக நெருங்கியவர்கள் தெலங்கானாவின் பஸ்தாபூர் பெண்கள். தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் இவர்கள். பெரும்பாலோர் பள்ளி வாசல் மிதிக்காதவர்கள். கேமரா கற்று, 2001இல் சொந்தமாகச் சமூக ஊடக அறக்கட்டளை அமைத்தார்கள். ஆங்கிலச் சொற்களை ஒதுக்கிவிட்டு ஷாட்டுகளுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது 'பட்டேல் ஷாட்', நிலவுடைமையாளரின் பார்வை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது 'அடிமை ஷாட்'. கண்ணுக்கு நேரே பார்ப்பது 'சங்கம் ஷாட்', சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருவதால்.

தோழர்களே, திரைக்கதை பற்றி நாங்கள் கற்ற பெரிய பாடம் இந்த மூன்று சொற்கள்தான். கேமரா வருவதற்கு முன்பே, தாளில் எழுதும்போதே, ஒரு காட்சி பட்டேல் ஷாட்டா சங்கம் ஷாட்டா என்பது முடிவாகிவிடுகிறது. "அவளுக்கு எதுக்குப்பா வீடு?" என்பது பட்டேல் ஷாட். அதற்குச் சிரித்தது அடிமை ஷாட். நம் பிள்ளைகள் சீன் ஆர்டர் போடக் கற்பது போதாது. எந்தக் கண்ணிலிருந்து எழுதுகிறோம் என்று கேட்கக் கற்காவிட்டால், நம் கையாலேயே நம் தெரு அழிக்கப்படும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஆலந்தலை போன்ற கடற்கரை ஊர்களிலும், உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், சேரிகளிலும் மாதம் ஒரு நாள் உட்காருவோம். முந்தின இரவு வந்த ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் பேசாமல் நின்றவர் யார், அவர் காட்சி முடிந்ததும் எங்கே போனார், அங்கே அவருக்காகக் காத்திருப்பவர் யார் என்று கேட்போம். பதிலை 22 நிமிடத்துக்கு எழுதுவோம். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். அண்ணாவி முறை நமக்குப் புதிதல்ல.

அந்த இளைஞர் வேலையை விடவில்லை. அந்த அக்காவின் வீட்டை ஒரு காட்சியாக எழுதி வைத்திருக்கிறார். ஓலைக் கூரை, ஒரு அடுப்பு, பரீட்சைக்குப் படிக்கும் மகள். அது எந்தத் தொடரிலும் வரப்போவதில்லை. எங்கள் அடுத்த கூட்டத்தில் அதைத்தான் வாசிக்கப் போகிறோம். நீங்களும் ஒரு காட்சியோடு வாருங்கள்.

ஜெய் பீம்.